அவர் குளித்துக்கொண்டிருக்கிறார்

குழந்தைவேல் இறந்த இரண்டாவது வாரம் ஒரு டார்ச் லைட் வாங்கினார்.

அவர் மனைவி சாந்தாமணி வாசல் கதவைத் திறந்தபோது, சாமான் வந்து விழும் வரவுப் பெட்டியில் அது கிடந்தது. மஞ்சள் நிறம். தலையில் ஒரு குட்டி விசிறி, கைப்பிடியில் ஒரு திசைகாட்டி. ஈரோடு சூரம்பட்டியில் சொந்த வீட்டுக்குள் திசை தெரியாமல் தவித்தவர்கள் அதுவரை யாரும் இல்லை.

“வீட்டுல இருக்கற டார்ச்சு பத்தாதுன்னு இது வேறயாக்கும்?” என்று அவள் வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது. டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, விசிறியை ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. ஆனால் அந்தக் காற்றுக்குக் கொசுகூட நகராது.

பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். சீட்டுக் கம்பெனியில் முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைவேலுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர்.

“என்னாச்சுங்க அம்மிணி?”

“உங்க சிநேகிதரு டார்ச் லைட்டு வாங்கியிருக்காருங்ணா.”

சென்னியப்பன் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு புரிந்து தலையாட்டினார்.

“அட, அது நிழலுங்க. ஆளு போயிட்டாருன்னு அதுக்கு யாரு சொன்னது? அது பாட்டுக்கு வாங்கிட்டிருக்குது.”

“அதுக்கே தெரியாதுங்களா?”

“எப்படித் தெரியும்? இவரு இத்தனை வருசமா என்ன வாங்குனாரு, எதைத் தொட்டுப் பாத்துட்டு வெச்சாரு, எந்த விளம்பரத்தைக் கண்டா நின்னு பாத்தாருன்னு அத்தனையும் கவனிச்சு, கைவரம் கம்பெனிக்காரன் அவராட்டமே ஒண்ணைப் பண்ணி அவன் மிஷின்ல வெச்சிருக்கறான். இப்பெல்லாம் விளம்பரத்தை நமக்கா காட்டறான்? நம்ம நிழலுக்குத்தான் காட்டறான். அது மயங்கிப் போச்சுன்னா சாமான் வாசல்ல வந்து விழுந்துரும். வேண்டாங்கறதைப் பொழுது சாயறதுக்குள்ள திருப்புப் பெட்டியில போட்டாச் சரி. நம்ம சோலி அவ்வளவுதான்.”

“அப்ப இது இப்படியே வந்துட்டே இருக்குமுங்களா?”

“சொல்லிப்போட்டா நின்னுக்கும். செத்தவங்க நிழலை வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம். வீட்டு ஆளு ஒரு போன் பண்ணிச் சொன்னா அழிச்சுப் போடுவாங்க.”

“அழிக்கறதுன்னா?”

சென்னியப்பன் மதிலில் ஊர்ந்த எறும்பைப் பார்த்தார்.

“நாளைக்குப் பண்றனுங்ணா,” என்றாள் சாந்தாமணி.

அந்த நாளை வரவே இல்லை. மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ரேஷன் கடையிலும் காஸ் ஏஜென்சியிலும் சான்றிதழைக் காட்டியாயிற்று. கைவரத்துக்கு மட்டும் சொல்லவில்லை. ஓசூரிலிருந்து மகள் நித்யா கூப்பிடும்போதெல்லாம் “அப்பா கணக்கை மூடிட்டியாம்மா?” என்பாள். “நாளைக்கு” என்பாள் இவள். பட்டறையை வாடகைக்கு விட்ட பணம் அவர் கணக்கில் விழுந்தது. நிழல் அதை எடுத்து அவர் பாணியிலேயே செலவழித்தது.

அவர் பாணியைச் சொல்ல வேண்டும். மோட்டார் ரீவைண்டிங்கில் குழந்தைவேலை ஏமாற்ற ஈரோட்டில் ஆள் கிடையாது. செம்புக் கம்பியைக் கையில் எடுத்தாலே எடை சொல்லிவிடுவார். பட்டறையை விட்டு இறங்கினாரோ, போச்சு. விற்கிறவன் ஒரு தடவை சிரித்தால் போதும். ரயிலில் விற்கும் மடக்குச் சீப்பு, தேர்க்கடையில் ஐந்து விதமாகக் காய் நறுக்கும் கத்தி, முதுகு சொறிய ஒரு கை, அந்தக் கைக்கு ஓர் உறை. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் பரப்பி வைத்துவிட்டு, பரிசு வாங்கிய பையனைப் போல நிற்பார். “திருப்பிக் குடுத்துட்டு வாங்க” என்பாள் சாந்தாமணி. திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் வேறொன்று வாங்கிக்கொண்டு வருவார். அவர்களுடைய குடித்தனத்தில் பேச்சென்று நடந்ததில் பாதி இதுதான்.

இப்போதும் அது நடந்தது. காலையில் வரவுப் பெட்டியைத் திறப்பாள். “இதெல்லாம் எதுக்குங்க?” என்பாள். நடுவீட்டில் மாட்டியிருந்த மாலை போட்ட படத்தின் முன் சாமானைத் தூக்கிக் காட்டி நியாயம் கேட்பாள். பிறகு திருப்புப் பெட்டியில் போட்டுவிட்டு, திருப்தியாகச் சமையலுக்குப் போவாள். சண்டை போட ஒரு காரணம் தினமும் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிற வரை, ஆள் ஒரேயடியாகப் போய்விட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் போன பின் வந்த அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு நிழல் ஒரு புடவை எடுத்தது. கண்ணைக் குத்தும் ரோஸ் நிறம். உடம்பெல்லாம் வெள்ளி வாத்துகள் நீந்தின. அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த புடவைகளுக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை. அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே திருப்பினாள்.

அடுத்த பிறந்தநாளுக்கு வந்தது மாந்துளிர் நிறத்தில் அரக்குக் கரை. அவள் மனதில் இருந்ததை யாரோ பிரித்து எடுத்துவந்ததுபோல. சாந்தாமணி அதைத் தோளில் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“எனக்கு என்ன நெறம் புடிக்குமுன்னு தெரிஞ்சுக்கச் செத்துத்தான் போகோணுமாக்கும்?” என்றாள்.

அதற்குள் வேறு மாற்றங்களும் வந்திருந்தன. டார்ச் வருவது நின்றுவிட்டது. முதுகு சொறியும் கை வரவில்லை. சின்ன பாக்கெட் பருப்பு, அரை லிட்டர் எண்ணெய், வாசனை தூக்கலாக இல்லாத சோப்பு என்று தேவையானது மட்டும் தேவையான அளவில் வந்தது. திருப்புப் பெட்டியில் ஒட்டடை படிந்தது.

“திருந்திட்டாருங்ணா,” என்று சென்னியப்பனிடம் பெருமையாகச் சொன்னாள்.

சென்னியப்பனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவருடைய நிழலும் அவரும் ஒரே அச்சு. எதைக் காட்டினாலும் வாங்கிவிடும். அவர் வீட்டில் நின்ற இடத்திலேயே ஓடிப் பழகும் உடற்பயிற்சி இயந்திரம் இரண்டு இருந்தன. ஒன்றில் மிளகாய் காய்ந்தது, இன்னொன்றில் வடகம்.

இந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை கைவரத்திலிருந்து செய்தி வந்தது. மதிப்புக்குரிய திரு. குழந்தைவேல் அவர்களை நேரில் கண்டு கௌரவிக்க நிறுவனத்தின் வியூகத் தலைவர் வெள்ளிக்கிழமை காலை அவர் இல்லத்துக்கு வருகிறார்.

சாந்தாமணி மதிலோரம் ஓடினாள். செய்தியை இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

“கண்டுபுடிச்சிட்டாங்களாட்ட இருக்குது,” என்றார் சென்னியப்பன்.

“இல்லீங்ணா. பாராட்டறக்கு வர்றாங்களாம். ஆளில்லைன்னு தெரிஞ்சா அழிச்சுப் போடுவாங்களல்லோ?”

அவள் குரல் உடைந்ததைக் கேட்டதும் சென்னியப்பன் நிமிர்ந்தார். ஒரு காலத்தில் ஊர் முழுக்கச் சீட்டுச் சேர்த்த ஆள் அவர்.

“நானிருக்கறேன். நிழலுக்கு முகம் கெடையாது, படம் வெச்சிருக்கக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு சட்டம் இருக்குது. அவங்களுக்கு அவரு மூஞ்சி தெரியாது. சித்தெ நேரம் நானே குழந்தைவேலுன்னு உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போறேன்.”

“உங்களுக்கு அவராட்டப் பேச வருமுங்களா?”

“கூடவே சுத்துன ஆளு அம்மிணி. அவரு வாங்குனதுல பாதி நான் சொல்லி வாங்குனதுதானே?”

சாந்தாமணிக்கு அது புதுச் செய்தி. ஆனால் அதைப் பற்றிக் கேட்க அது நேரமில்லை.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் இரண்டு பேர். வியூகத் தலைவர் ஹர்ஷவர்தன் சென்னைக்காரர், வெள்ளை ஷூ போட்ட நெட்டை மனிதர். அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் தயங்கினார். கூட வந்த பெண் செருப்பை எப்போதோ விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண். மனிதர்கள் எதை ஏன் வாங்குகிறார்கள் என்று படித்து டாக்டர் பட்டம் வாங்கியவளாம்.

சென்னியப்பனைக் காணோம். வேட்டி தேய்க்க அவருடைய மனைவி எடுத்துக்கொண்ட நேரம் யாருடைய திட்டத்திலும் இல்லை.

“சார் இல்லீங்களா மேடம்?” என்று வாசலில் நின்றபடியே கேட்டார் ஹர்ஷவர்தன்.

“குளிச்சிட்டிருக்காருங்க,” என்றாள் சாந்தாமணி. சொன்ன கையோடு உள்ளே போய் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வந்தாள். போகிற வழியில் படத்தைக் கழற்றி, மாலையோடு கொண்டுபோய்ச் சமையலறையில் மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள்.

ஜெசிந்தா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கொல்லைப்பக்கக் கதவு வழியாகக் குளியலறைக்குள் நுழைந்த சென்னியப்பன், குழாயை மூடிவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுவீட்டுக்கு வந்தார். துண்டு துளிகூட நனையவில்லை.

“வாங்கோ, வாங்கோ. குழந்தைவேலுங்க.”

ஹர்ஷவர்தன் எழுந்து நின்று அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “சார், உங்களைப் பாக்கறது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? எங்க ஆபீஸ்ல உங்க பேர் சொன்னா எல்லாரும் நடுங்குவாங்க.”

“எதுக்குங்க?”

“நீங்க வேண்டாம்னு சொல்றீங்களே சார்! ஒரே பிஸ்கட்டுக்கு மூணு விலை வெப்போம். நடுவுல இருக்கறதைத்தான் ஜனங்க எடுப்பாங்க, அது மனுஷ சுபாவம். நீங்க மூணையும் திருப்பி அனுப்பிட்டீங்க. ‘இன்னும் ரெண்டே பாக்கி’ன்னு போடுவோம், பதறி வாங்குவாங்க. நீங்க அந்த ரெண்டும் வேணாம்னுட்டீங்க. அக்கம்பக்கத்துல வாங்கிட்டாங்கன்னு சொல்வோம் பாருங்க, அது யாரையும் கவுத்துடும். உங்க விஷயத்துல அது அப்படியே தலைகீழ். பக்கத்து வீட்டுல சென்னியப்பன்னு ஒருத்தர் இருக்காராமே?”

“இருக்காருங்க,” என்றார் சென்னியப்பன்.

“அவர் வாங்கினார்னு காட்டினா, நீங்க உடனே திருப்பிடறீங்க. அந்தாளையும் எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் சார். புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு அவர் நிழல்லதான் பயிற்சி. எதைக் காட்டினாலும் வாங்கும், பசங்களுக்குத் தன்னம்பிக்கை வரும்.”

சென்னியப்பனின் முகம் சுருங்கியது. “அந்தாளு அவ்வளவு மோசமுங்களா?”

“தங்கமான மனுஷன் சார். சுத்த ஏமாளி.”

சாந்தாமணி வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

ஹர்ஷவர்தன் விஷயத்துக்கு வந்தார். குழந்தைவேலின் நிழலுக்கு ஒரு பொருள் பிடித்தால் தமிழ்நாடு முழுக்க அது விற்கிறது. அவருக்குப் பிடிக்காதது எங்கேயும் போவதில்லை. அதனால் நிறுவனம் அவரைப் போல நூறு நிழல்களைத் தேர்ந்தெடுத்து ‘உரைகல்’ என்று பேர் வைத்திருக்கிறது. இனிமேல் எந்த பிராண்டானாலும் முதலில் அந்த நூறு பேரிடம்தான் போகும். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் தயாரிப்பே. நூறில் முதல் இடம் குழந்தைவேலுக்கு.

“நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா உங்க நிழல் கம்பெனியோட நிரந்தரச் சொத்து சார். உங்களுக்குப் பிறகும் அதை யாரும் அழிக்க முடியாது. சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு.”

சாந்தாமணி கையிலிருந்த காபித் தட்டை மேசையில் வைத்தாள். யாரும் அழிக்க முடியாது. இரண்டு வருஷமாகத் தொலைபேசி அடித்தாலே பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்த வார்த்தை பாயசம்போல இறங்கியது.

“அதுக்கு முன்னால ஒரு சின்ன சோதனை,” என்றார் ஹர்ஷவர்தன். “உங்க நிழல் வேண்டாம்னு சொன்ன பொருள் சிலது கொண்டுவந்திருக்கேன். நீங்களும் அதையே சொல்வீங்க. ஒரு சம்பிரதாயம்தான்.”

பையிலிருந்து முதலில் வெளியே வந்தது விசிறி வைத்த மஞ்சள் டார்ச்.

சென்னியப்பன் அதைக் கையில் வாங்கினார். விசிறியை ஓட்டினார். முகத்தில் வெளிச்சம் வந்தது.

“இது திசை வேற காட்டுதுங்களே! எத்தனை வெச்சிருக்கறீங்க?”

“சார், இது நீங்க வேண்டாம்னது.”

“நானா? இதையா? சேச்சே. ரெண்டு குடுத்துட்டுப் போங்க.”

அடுத்து வாத்துப் புடவை. “அருமைங்க.” அடுத்து பாட்டுப் பாடும் ஊறுகாய் ஜாடி. “இது என்ன பாட்டெல்லாம் படிக்குமுங்க?” ஹர்ஷவர்தன் எதை நீட்டினாலும் அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மடி நிறைந்ததும் தலைத் துண்டை அவிழ்த்துக் கீழே விரித்தார்.

சாந்தாமணி தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். கையும் பாதி உயர்ந்துவிட்டது. ஆனால் சாமான்களுக்கு நடுவே பரிசு வாங்கிய பையனைப் போல உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அதை இறக்கிக்கொண்டாள். அந்த வீட்டில் ரொம்ப நாளாக அப்படி யாரும் உட்காரவில்லை. சென்னியப்பன் நடிக்கவேயில்லை, இருந்தும் குழந்தைவேல் அச்சாக அங்கே இருந்தார். மாவு டப்பாவின் மேல் சாய்ந்திருந்த படத்தில் இருந்ததைவிட அதிகமாக.

ஹர்ஷவர்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அவர் வியூகத் தலைவர். கலங்கிய மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது.

“பரவால்ல சார். நேர்ல ஒரு ஆள் நின்னு குடுத்தா மனுஷங்க குழம்பிடுவாங்க. உங்களைவிட உங்க நிழல்தான் சார் உண்மையானவர். நாங்க நம்பறது அவரைத்தான். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

“போட்டுடலாமுங்க. இந்த டார்ச்சு மட்டும் இன்னொண்ணு கெடைக்குமா?”

“அது இப்ப வர்றதில்ல சார். உங்க நிழல் திருப்பித் திருப்பி அனுப்பினதால நிறுத்திட்டோம். அந்த மாதிரி சாமான் எதுவுமே இப்ப தமிழ்நாட்டுல யாரும் தயாரிக்கறதில்ல.”

“ரயில்லகூட விக்கறதில்லீங்களா?” என்று கேட்டாள் சாந்தாமணி.

“ரயில்ல விக்கறவங்களே இல்லையே மேடம் இப்ப. வாங்க ஆளில்லாததை யார் விப்பாங்க?”

சாந்தாமணி காபித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஜெசிந்தா பின்னாலேயே வந்தாள். மாவு டப்பாவையும் அதன் மேல் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்த குழந்தைவேலையும் பார்த்தாள். கொஞ்சமும் திடுக்கிடவில்லை. படத்துக்குக் கை கூப்பினாள்.

“எப்ப ஆச்சு ஆன்ட்டி?”

சாந்தாமணி பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “ரெண்டு வருசமாச்சு கண்ணு,” என்று வந்துவிட்டது. “எப்படிக் கண்டுபுடிச்சே?”

“நூறு உரைகல்லுல பாதி வீட்டுக்கு நாந்தான் போனேன். போன வீட்லல்லாம் அவங்க குளிச்சிட்டுத்தான் இருந்தாங்க. ஒரு வீட்ல தாத்தா குளிச்சு முடிக்கட்டும்னு மத்தியானச் சாப்பாடே போட்டுட்டாங்க. பாவம், அந்தப் பாட்டியே அடிக்கடி போய்க் குழாயை மூடி மூடித் திறந்துச்சு.”

“அப்ப எல்லாரும்…”

“எல்லாரும் இல்ல. நிறைய பேர். எண்ணிப் பாக்க எனக்கு மனசு வரல.”

“உங்க தலைவருக்குத் தெரியுமா?” என்று நடுவீட்டைக் காட்டினாள் சாந்தாமணி.

“சொன்னேன். தண்ணிப் பஞ்சத்துலகூட ஜனங்க இவ்வளவு குளிக்கறாங்களேன்னு ஆச்சரியப்பட்டாரு. தெரியாம இருக்கறது அவருக்கு வசதி ஆன்ட்டி.”

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவளுக்குள் இருந்த கேள்வி வந்தது. “செத்தவங்க நிழலு எதுக்குக் கண்ணு இத்தனை கறாரா ஆயிருது? எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப இப்படியில்ல. அங்க உக்காந்திருக்காரே, அவராட்டத்தான். போன பொறகுதான் திருந்துனாரு. என் நெறத்துலகூடப் புடவை எடுத்தாரு.”

ஜெசிந்தா டம்ளரைக் கீழே வைத்தாள். சொல்வதா வேண்டாமா என்று அவள் யோசிப்பது தெரிந்தது.

“ஆன்ட்டி, நிழல் எதை வெச்சுக் கத்துக்கும் தெரியுமா? நீங்க எதை வெச்சுக்கிட்டீங்க, எதைத் திருப்புனீங்க, அது ரெண்டுதான். டார்ச் வந்தது, திருப்புனீங்க. சரி, இவருக்கு டார்ச் புடிக்காதுன்னு அது எழுதிக்கிச்சு. வாத்துப் புடவையைத் திருப்புனீங்க. இவருக்கு இது புடிக்காதுன்னு எழுதிக்கிச்சு. அவர் இருந்தவரைக்கும் நீங்க ஒண்ணைத் திருப்புனா அவர் ரெண்டு வாங்குவாரு, அதனால நிழல் அவரா இருந்துச்சு. இப்ப திருப்ப மட்டும்தான் ஆள் இருக்கு.”

சாந்தாமணி மாவு டப்பாவின் மேலிருந்த படத்தைப் பார்த்தாள்.

“மாந்துளிர்ப் புடவை எடுத்தது அவர் இல்ல ஆன்ட்டி. நீங்கதான். எங்க கம்பெனியில எல்லாரும் பயப்படற அந்த ஆளே நீங்கதான்.”

அடுப்பில் பால் பொங்கியது. ஜெசிந்தாதான் அணைத்தாள்.

“ரெண்டு வருசமா,” என்றாள் சாந்தாமணி கடைசியில், “நானே அவரைக் கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பி அனுப்பிட்டிருந்திருக்கறேன்.”

“நான் எதையும் பாக்கல. நீங்க என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம். நடுவீட்ல இருக்கறவர் கையெழுத்துப் போட்டா நிழல் காலத்துக்கும் இருக்கும். உங்க வீட்டுக்காரர் பேர்லதான் இருக்கும்.”

“பேரு மட்டும்,” என்றாள் சாந்தாமணி.

நடுவீட்டில் ஹர்ஷவர்தன் நீட்டிய திரையில் கையெழுத்துப் போடச் சென்னியப்பன் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். அவர் கை திரையைத் தொடப்போகிற நேரத்தில் சாந்தாமணி வந்து நின்றாள். கையில் மாலையோடு படம்.

“அண்ணா, போதுமுங்க. எந்திரிங்க.”

“அம்மிணி…”

“இவருதானுங்க எங்க வீட்டுக்காரரு,” என்று படத்தை ஹர்ஷவர்தன் பக்கம் திருப்பினாள். “இவரு பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் அண்ணன்.”

ஹர்ஷவர்தன் படத்தைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார். அவருக்கு எது பெரிய அதிர்ச்சி என்று சொல்ல முடியாது.

“சுத்த ஏமாளிதானுங்க நானு,” என்றார் சென்னியப்பன் பணிவாக.

“சார், நான் அந்த அர்த்தத்துல சொல்லல… மேடம், இவர் இறந்து எவ்வளவு நாளாச்சு?”

“ரெண்டு வருசம்.”

“போன தீபாவளிக்கு நாங்க போட்ட மொத்த வியூகமும் இவர்…” அவர் வெள்ளை ஷூவைத் தேடுவதுபோலக் கீழே பார்த்தார். மனதுக்குள் ஏதோ பெரிய கணக்கு ஓடி, நின்று, மறுபடி ஓடியது. பிறகு குரலைத் தாழ்த்தினார். “மேடம், சட்டப்படி வீட்டு ஆள் போன் பண்ணிச் சொன்னாத்தான் எங்களுக்குத் தெரிஞ்சதா அர்த்தம். இங்க பேசினது பேச்சு. நீங்க போன் பண்ணலைன்னா நிழல் அப்படியே ஓடும். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. யாருக்கு என்ன நஷ்டம்?”

“ரயில்ல சீப்பு விக்கறவனுக்குங்க,” என்றாள் சாந்தாமணி.

அவருக்குப் புரியவில்லை. “கொஞ்சம் யோசிச்சு முடிவு எடுங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று சென்னியப்பனிடம் ஒரு புதுவித இடுப்பு பெல்ட்டைப் பற்றி ஏதோ சொன்னார். சென்னியப்பன் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். ஜெசிந்தா காரில் ஏறுவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தலையசைத்தாளா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாளா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சென்னியப்பன் மதிலுக்கு வந்தார். “கோவமுங்களா அம்மிணி?”

“இல்லீங்ணா. நீங்க உக்காந்திருந்ததைப் பாத்து ரொம்ப சந்தோசமா இருந்துச்சு. அதான் தாங்க முடியலை.”

மறுநாள் காலை வரவுப் பெட்டியில் அவளுக்குப் பிடித்த மிளகு, பிடித்த அளவில் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வார்த்தை பேச இடமில்லை. அதை எடுத்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, போனை எடுத்தாள்.

இனிமையான குரல் ஒன்று வந்தது. மனுஷிதானோ என்று ஒரு கணம் தோன்றும் குரல்.

“வணக்கம். கைவரம் உங்களை வரவேற்கிறது. யாருடைய கணக்கைப் பற்றிப் பேச விரும்புகிறீர்கள்?”

“எங்க வீட்டுக்காரரோடதுங்க.”

“மன்னிக்கவும். ‘எங்க வீட்டுக்காரர்’ என்ற பெயரில் கணக்கு எதுவும் இல்லை. பெயரைச் சொல்லவும்.”

சாந்தாமணி அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ‘ஏனுங்க’ என்பாள், கோபம் வந்தால் அதுவும் இல்லாமல் பாத்திரத்தை வைத்து ஒரு சத்தம் போடுவாள். வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

“குழந்தைவேலு.”

“சரியாகக் கேட்கவில்லை. மீண்டும் சொல்லவும்.”

“குழந்தைவேலு!” தெருவுக்கே கேட்டது. மதிலுக்கு மேல் சென்னியப்பனின் தலை எழுந்து, ஜன்னல் வழியாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல இறங்கியது.

“நன்றி. உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?”

“கணக்கை மூடோணுங்க.”

“திரு. குழந்தைவேல் விலகுவது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. காரணத்தைச் சொல்லுங்கள். விலை அதிகம், சேவையில் குறை, வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டார்…”

“அவரு செத்துப் போயிட்டாருங்க.”

சொல்லிவிட்டாள். இரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் அவளிடம் சொன்ன வார்த்தை. அவள் வாய் திறந்து ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. மறுமுனை கொஞ்சம் யோசித்தது.

“புரிந்தது. மாறிவிட்டார் என்று குறித்துக்கொள்கிறேன். எங்களை விட்டுப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சிறப்புச் சலுகை இருக்கிறது. மூன்று மாதம் எல்லாப் பொருளும் பாதி விலை. அவர் முடிவை மாற்றிக்கொள்வாரா?”

“மாட்டாருங்க.”

“ஆறு மாதமாகத் தந்தால்?”

சாந்தாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனை நெஞ்சோடு அணைத்து, அது அடங்கும்வரை காத்திருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி காதில் வைத்தாள். குரல் பொறுமையாகக் காத்திருந்தது.

“கடைசியாக ஒரு கேள்வி. அவர் நம்மோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்க நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?”

“நானும் இதையேதானுங்க கேட்டேன்,” என்றாள் சாந்தாமணி. “அன்னைக்கு ஆஸ்பத்திரியில.”